போதகருக்கு ஓய்வு கொடுப்பது யார்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமலே, ஒரே விடயத்தைப் பற்றியவையாக அமைந்திருந்தன. அதனால் வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இம்மூன்றுக்கும் மட்டும் விடையளிக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயர்களும் சபைகளின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, ஹட்டன் பகுதியில் 13 வருடங்களாக ஒரே சபையில் போதகராக இருக்கிறேன். நகரத்து ஆராதனையைத் தவிர 5 தோட்டங்களில் வாராந்தக் கூட்டங்களும் உண்டு. முன்பு மரண வீட்டுக்குப் போனால் வீட்டாரோடு சேர்ந்து அழுவேன். இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் நின்று திருமறையை வாசிக்கும்போதே, அடுத்த தோட்டத்துக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று மனம் கணக்குப் பார்க்கிறது. ஒரு மூத்த ஊழியர், மூன்று மாதம் ஊழியத்திலிருந்து நீண்ட ஓய்வு எடுக்கும்படி சொல்கிறார். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கும் ஒரு தாய்க்குக் கிடைக்காத ஓய்வு எனக்கு மட்டும் எப்படி நியாயமாகும்? எடுப்பதென்றால் எப்படித் திட்டமிடுவது?

பதில்: அன்புச் சகோதரரே, உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வது எளிது. முதலாவதே கடினமானது, அதற்கு நேர்மையான விடை கிடைக்காமல் நீங்கள் எங்கே போனாலும் ஓய்வு உங்களை வந்து சேராது.

நீங்கள் களைத்துப் போவதால் அந்தத் தாயின் கூடையில் ஒரு கிலோ கூடக் குறையப் போவதில்லை. மரண வீட்டில் அவளுக்கு எதிரே நிற்கும் போதகரின் மனம் அங்கே இல்லை என்பது மட்டும் அவளுக்குப் புரிந்துவிடும். நம் மக்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லாவற்றையும் கவனிப்பார்கள். உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரனையும் வேலைக்காரியையும் மாட்டையும் கழுதையையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டு, நீங்களும் எகிப்திலே அடிமைகளாக இருந்தீர்கள் என்று காரணமும் காட்டுகிறது. ஆகவே அவளுக்கு ஓய்வில்லை என்ற உங்கள் வேதனை சரியானதுதான். அந்த வேதனையிலிருந்து நீங்கள் எடுத்த முடிவே தவறு. அவளுக்கு இல்லாததால் எனக்கும் வேண்டாம் என்பதைவிட, எனக்குக் கிடைக்கும்போது அவளுக்கும் கொஞ்சம் கிடைக்க என்ன செய்யலாம் என்று கேட்பதே திருமறைக்கு ஏற்ற கேள்வி.

அதற்கு உங்கள் கையிலேயே வழி இருக்கிறது. தோட்டத்துப் பெண்ணுக்கு ஞாயிறு ஒன்றே வேலையில்லாத நாள். துணி துவைப்பதும் விறகு சேர்ப்பதும் பிள்ளையின் தலைக்கு எண்ணெய் வைப்பதும் அன்றைக்குத்தான். அந்த நாளில் நாம் காலையில் ஆராதனை, மத்தியானம் பெண்கள் ஐக்கியம், மாலையில் வீட்டுக் கூட்டம் என்று அடுக்கிவிடுகிறோம். நீங்கள் இல்லாத மூன்று மாதங்களும் ஞாயிறன்று ஆராதனை ஒன்றே போதும் என்று இப்போதே தீர்மானியுங்கள். பெண்கள் ஐக்கியத்தை நிறுத்தியதால் எந்தச் சபையும் சரிந்துவிடாது. உங்களுடைய கூட்டங்களை எல்லாம் அப்படியே மூப்பர்களின் தலையிலும், அவர்கள் வழியாக அதே பெண்களின் தலையிலும் இறக்கிவிட்டுப் போவீர்களானால், அப்போதுதான் உங்கள் ஓய்வு அநியாயமாகும்.

திருமறையில் ஊழியக்காரருக்கு ஓய்வு உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது சகரியாவை. தாவீதின் காலத்தில் ஆசாரியர்கள் 24 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு முறைப்படி பணிசெய்தார்கள் என்பது 1 நாளாகமம் 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவற்றுள் அபியாவின் வகுப்பைச் சேர்ந்த சகரியா, அதாவது யோவான் ஸ்நானகனின் தகப்பன், தேவதூதனைக் கண்டு ஊமையான பிறகும், தன் ஊழிய நாட்கள் முடிந்ததும் வீட்டுக்குப் போனார் என்று லூக்கா எழுதுகிறார். ஆலயப் பணி நிற்கவில்லை. அடுத்த வகுப்பார் வந்தார்கள். மாற்கு ஆறாம் அதிகாரத்தில் இயேசு சீஷரை இளைப்பாற அழைத்தபோது ஜனங்கள் முந்திக்கொண்டு வந்து சேர்ந்ததையும், அவர் மனதுருகியதையும் சுட்டிக்காட்டி, பார்த்தீர்களா, அவரே ஓய்வெடுக்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் அதே அதிகாரத்தை இன்னும் சில வசனங்கள் வாசிக்க வேண்டும். அன்று மாலை அவர் சீஷரைப் படவில் ஏற்றி, ஜனங்களையும் தாமே அனுப்பிவிட்டு, ஜெபிக்கும்படி மலைக்குத் தனியே போனார்.

ஒரு போதகர் இல்லாமல் தோட்டத்துச் சபை நடக்காது என்ற எண்ணமும் மலையகத்தின் வரலாற்றோடு பொருந்துவதில்லை. தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்த தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கிய காலத்தில் குருமார் மிகச் சிலரே. தோட்டந்தோட்டமாக நடந்து ஜெபம் நடத்தியவர்களும் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தவர்களும் பெரும்பாலும் குருப்பட்டம் பெறாத உபதேசிமார்களே. குருவானவர் வராத ஞாயிறுகளிலும் நம் முன்னோர் கூடினார்கள், பாடினார்கள், தங்கள் மரித்தோரை அடக்கம் செய்தார்கள். உங்கள் ஐந்து தோட்டங்களிலும் வாசிக்கவும் ஜெபிக்கவும் கூடியவர் ஒருவராவது இருப்பார். அவரைக் கண்டுபிடித்து ஆறு மாதம் பக்கத்தில் வைத்துப் பழக்குவதே உங்கள் திட்டத்தின் முதல் வேலை.

அதற்கும் முன்னே ஒரு காரியம்: வைத்தியரைப் பாருங்கள். நீரிழிவும் தைராய்டு குறைபாடும் இரத்தச் சோகையும் இதே களைப்பைத் தரக்கூடியவை. இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பகுப்பில், வேலைச் சுமையால் வரும் உளச்சோர்வை ஒரு நோயாகச் சொல்லாமல், தொழில் சார்ந்த ஒரு நிலையாக விவரித்து, அதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: சக்தி வற்றிப்போதல், செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், முன்புபோலச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பஸ் நேரம் பார்க்கும் மனம் இவற்றில் இரண்டாவது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கிழமைக்கணக்காகத் தூக்கமில்லாமலோ, சாப்பாட்டில் மனமில்லாமலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணத்தோடோ இருப்பீர்களானால் ஓய்வு மட்டும் போதாது. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குக் கர்த்தர் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்து தூங்கவிட்டார். எழுப்பி, மறுபடியும் சாப்பிடச் செய்தார். ஓரேப் மலையில் அவர் பேசிய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகு வந்தது. உங்கள் மூன்று மாதத்தின் வரிசையும் அதுவாகவே இருக்கட்டும்: முதல் மூன்று, நான்கு கிழமைகள் தூக்கம், சாப்பாடு, நடை. நூல்களும் தியானமும் பின்னாலே வரட்டும்.

காலத்தைப் பற்றி. பெந்தெகொஸ்தே திருநாள் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ வருகிறது; அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வெந்து காலம் வரைக்கும் திருச்சபை நாட்காட்டியில் பெரிய திருநாள் இல்லை. ஆகவே ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் முடிய உள்ள மாதங்கள் உங்களுக்கு ஏற்றவை. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும் அந்த மாதங்களில், மலைக்கு அப்பால் ஊவாப் பகுதியில் பண்டாரவளை, தியத்தலாவை, ஹப்புத்தளை எல்லாம் காற்றோடு வறண்டு கிடக்கும்; நடக்க விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல காலநிலை இல்லை. ஹப்புத்தளையில் அடிசம் பங்களாவில் இயங்கும் பெனடிக்ட் சபைத் துறவியரின் மடத்தில் தங்குவதற்குச் சில அறைகள் உண்டு. முன்னதாகவே எழுதிக் கேட்க வேண்டும், வார இறுதிகளில் பார்வையாளர் கூட்டம் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பின்பாதியில் வாசிக்க விரும்பினால், பிலிமத்தலாவையில் 1963இல் நான்கு திருச்சபைகள் சேர்ந்து தொடங்கிய இலங்கை இறையியற் கல்லூரியில் நூலகத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டுப் பாருங்கள். இவற்றுக்கெல்லாம் வசதியில்லை என்றால் உறவினர் ஒருவரின் வீட்டு அறையே போதும். ஆனால் சபை உங்களுக்குத் தந்திருக்கும் மிஷன் வீட்டில் இருக்கவேண்டாம். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு எந்தப் போதகராலும் திறக்காமல் இருக்க முடியாது.

கதவைவிடக் கடினமானது தொலைபேசி. உங்கள் இலக்கம் ஐந்து தோட்டத்துக்கும் தெரியும். இரவு பத்தரை மணிக்கு, பிள்ளைக்கு இழுப்பு, வைத்தியசாலைக்குப் போக முச்சக்கரவண்டி கிடைக்கவில்லை என்று அழைப்பு வந்தால் படுக்கையிலிருந்து எழும்பாமல் இருக்க முடியுமா? முடியாது, முடியவும் கூடாது. ஆகவே அந்த அழைப்பு உங்களுக்கு வராதபடி செய்யவேண்டும். அந்த சிம் அட்டையைச் சபைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, வீட்டாருக்கு மட்டும் தெரிந்த வேறு இலக்கம் ஒன்றை எடுங்கள்; சபையின் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்தும் விலகுங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் வாகனமுள்ள ஒருவரின் பெயரும் இலக்கமும் ஆலயக் கதவில் ஒட்டப்பட்டிருக்கட்டும்.

இனி, எல்லாவற்றிலும் பாரமானது. அந்த மூன்று மாதத்துக்குள், உங்களைத் தன் பிள்ளைபோல நினைத்த ஒரு மூப்பரோ ஒரு பாட்டியோ இறந்துபோகக்கூடும். மலையகத்தில் போதகரை மக்கள் அளந்து பார்ப்பது மரண வீட்டில்தான் என்பதை நீங்கள் அறிவீர்கள். போகக் கூடாது என்பது என் கருத்து. ஒருவருடைய அடக்கத்துக்கு வந்து இன்னொருவருடையதற்கு வராமற்போனால் அந்தக் காயம் பல வருடம் இருக்கும். பக்கத்துச் சேகரத்துப் போதகர் ஒருவரோடு முன்கூட்டியே பேசி, அடக்க ஆராதனைகளை அவரே நடத்துவார் என்பதை ஆலயத்தில் மூன்று ஞாயிறு வாசிக்கச் செய்யுங்கள். திரும்பி வந்ததும் முதல் கிழமையிலேயே அந்த வீடுகளுக்குப் போய் நிதானமாக உட்கார்ந்திருங்கள். அவசரமில்லாமல் வந்து இருக்கும் போதகரை அவர்கள் வெகுகாலமாகக் கண்டிருக்கமாட்டார்கள்.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நம் உறவுகள், சும்மா இருக்கும் நேரத்தில் இங்கே வந்து சில கூட்டங்கள் நடத்துங்கள் என்று அன்போடு அழைப்பார்கள். அது ஊழியம், ஓய்வல்ல. இன்னொரு வருடத்துக்கு என்று பதில் எழுதிவிடுங்கள்.

இதையெல்லாம் சபைக்கு எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். உங்கள் மக்களுக்குத் தெரிந்த மொழியிலேயே சொல்லலாம். தேயிலை மலைக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள், அதாவது செடியின் கிளைகளைத் தறித்துவிடுகிறார்கள். வெட்டிய பிறகு மாதக்கணக்கில் அதில் கொழுந்து எடுப்பதில்லை. வேரில் சேர்ந்திருக்கும் சத்தைக் கொண்டுதான் செடி மறுபடி துளிர்க்கிறது. அந்தச் சத்து வற்றியிருந்த செடி வெட்டுக்குப் பிறகு செத்துப்போவதும் உண்டு. இதை உங்களைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள். வருகிற ஆண்டுக் கூட்டத்தில் எழுத்தில் விண்ணப்பத்தை வைத்து, அதற்கு அடுத்த வருட ஜூன் மாதத்தைக் கேளுங்கள். இடையில் உள்ள காலம் ஆயத்தத்துக்குத் தேவை.

கேள்வி: ஐயா, நான் ஒரு போதகரின் மனைவி; தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியை. என் கணவருக்கு ஓய்வு கொடுக்கச் சபை சம்மதித்திருக்கிறது. அவர் தியானத்துக்குப் போய்விட்டால் வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பதும் ஓய்வுநாள் பாடசாலையும் பெண்கள் கூட்டமும் என்னிடமே இருக்கும். இதை அவரிடம் சொன்னால் சுயநலமாகத் தெரியுமா? – தலவாக்கலை

பதில்: சகோதரி, இதில் சுயநலம் எதுவும் இல்லை. சபை உங்கள் கணவரின் விண்ணப்பத்தை ஏற்றபோதே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். உங்களுக்குச் சம்பளமோ நியமனக் கடிதமோ தராத ஒரு வேலையை இத்தனை வருடம் உங்கள் கையால் வாங்கிக்கொண்டிருக்கும் சபை, அந்த வேலைக்கு விடுமுறை கொடுக்க எந்தச் சட்டத்தையும் தேடவேண்டியதில்லை.

அவர் போகுமுன் இதை அவரிடம் மட்டுமல்ல, செயற்குழுவிடமும் சொல்லுங்கள்; இருவருமாகக் கையெழுத்திட்டு எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது. அதே மூன்று மாதமும் நீங்கள் ஓய்வுநாள் பாடசாலை, பெண்கள் கூட்டம் ஆகிய இரண்டிலிருந்தும் விடுபடுகிறீர்கள் என்பதும், வருகிறவர்களைச் சந்திக்கும் இடம் மிஷன் வீட்டு விறாந்தையிலிருந்து ஆலய அலுவலகத்துக்கு மாறுகிறது என்பதும் அதில் இருக்கட்டும். பாடசாலைக் கடமை இருப்பதால் உங்களால் மூன்று மாதமும் வெளியே போக முடியாது. ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு அவர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருங்கள். அதற்கு முந்திய கிழமைகளில் நீங்கள் விரும்பினால் வேறொரு சபையில், ஒருவரும் அம்மா என்று எழுந்து இடம் கொடுக்காத ஒரு பின்வரிசையில், ஞாயிறு காலையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

உங்கள் கணவரிடம் சொல்லத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் களைத்திருப்பதை முதலில் கண்டுகொண்டது நீங்களாகத்தான் இருக்கும். உங்கள் களைப்பை அவர் காண அவகாசமில்லாமற் போயிருக்கலாம். அவகாசம் கிடைக்கும் முதல் மாதத்திலேயே அவர் அதைக் காணட்டும்.

கேள்வி: ஐயா, பதுளை மாவட்டத்தில் ஒரு சபையின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் போதகர் மூன்று மாத ஓய்வு கேட்டிருக்கிறார். வேலை செய்யாத மாதங்களுக்கும் உதவித்தொகை கொடுக்கவேண்டுமா? அவர் திரும்பி வராமலே வேறு சபைக்குப் போய்விட்டால் என்ன செய்வது?

பதில்: கொடுக்கவேண்டும், முழுதாகக் கொடுக்கவேண்டும். பாதிச் சம்பளத்தில் வீட்டில் இருப்பவர் கடனைப் பற்றி யோசிப்பார், ஓய்வெடுக்கமாட்டார். நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் ஏழாம் வருடத்தில் என்ன சாப்பிடுவோம் என்று, உங்கள் கேள்வி லேவியராகமம் 25ஆம் அதிகாரத்திலேயே கேட்கப்பட்டிருக்கிறது. ஆறாம் வருடத்து விளைச்சலிலேயே அதற்கானதைத் தருவேன் என்று அங்கே ஆண்டவர் விடை சொல்கிறார். அதாவது செலவை முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் பிரசங்கியாருக்குப் போக்குவரத்துப் பணம், மத்தியானச் சாப்பாடு, போதகருடைய தங்குமிடம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, இன்றிலிருந்தே மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். இதற்காகத் தோட்டத்து வீடுகளில் தனிக் காணிக்கை கேட்கவேண்டாம். நாட்சம்பளக்காரர்களிடம் அதைக் கேட்பது சரியல்ல.

வருடாந்த விடுமுறையையும் இதில் கழித்துவிடாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் வருடத்துச் சட்டத் தொகுப்பு பங்குத்தந்தையருக்கு வருடத்தில் ஒரு மாதம் வரை விடுமுறையை அனுமதிக்கும்போது, தியானத்துக்குச் செலவாகும் நாட்களை அதில் கணக்கிடாமல் விடுகிறது. நம் சபைகளில் பலவற்றில் எழுதப்பட்ட விதி ஒன்றுமே இல்லை. உங்கள் போதகரின் விண்ணப்பத்தை வைத்தே ஒன்றை எழுதிவிட்டால் அடுத்து வரும் போதகர் வெட்கப்பட்டுக் கேட்க வேண்டியிருக்காது.

திரும்பி வராமற்போவது பற்றி: ஓய்வு முடிந்து குறைந்தது ஒரு வருடமாவது அதே சபையில் பணிசெய்வதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளும்படி கேட்பது முறையானதே, நல்ல போதகர் அதற்கு மனம் நோகமாட்டார். ஆனால் ஓய்வெடுத்த பின் தெளிந்த மனதோடு, என் காலம் இங்கே முடிந்தது என்று அவர் அறிவதும் நடக்கக்கூடியது. அப்படியானால், மூன்று வருடம் மனமில்லாமல் இழுத்துக்கொண்டு போய்ச் சபையையும் களைக்கச் செய்வதைவிட அது உங்களுக்கும் நல்லது.

இன்னும் இரண்டு நடைமுறைக் காரியங்கள். அந்த மாதங்களில் யாராவது திருமணத்துக்குத் திகதி வைத்திருந்தால், ஆலயத்தில் திருமணம் நடத்திப் பதிவுசெய்ய அதிகாரமுள்ள வேறொரு குருவானவரை இப்போதே ஒழுங்குசெய்யுங்கள். உங்கள் போதகர் திரும்பி வரும் முதல் ஞாயிறன்று பிரசங்கமோ திருவிருந்தோ அவரிடம் கொடுக்கவேண்டாம். குடும்பத்தோடு சபையாரின் நடுவே உட்கார்ந்து, உங்கள் உபதேசியார் சொல்லும் செய்தியை அவர் கேட்கட்டும். அடுத்த கிழமை செயற்குழுவைக் கூட்டி, அவர் இல்லாதபோது மற்றவர்கள் நன்றாகச் செய்த வேலைகளில் எவற்றை அவரிடம் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதை முதலில் பேசுங்கள்.